ஹலோவீன் மாலை: பிள்ளைகளை எங்கே கூட்டிக்கொண்டு போவது?

ஒக்டோபர் 31 மாலை பிள்ளைகள் வேஷம் போட்டுக்கொண்டு வீடு வீடாகப் போய் இனிப்பு வாங்கும் நாள் ஹலோவீன். ஒக்டோபர் மூன்றாவது வாரம் பிறந்தால் ஸ்காபரோ, மார்க்கம், ஏஜாக்ஸ் என்று ரொறன்ரோப் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களின் வட்ஸ்அப் குழுக்களில் ஒரு கேள்வி சுற்றத் தொடங்கிவிடும்: "இந்த முறை ஹலோவீனுக்கு எங்கே போறீங்கள்?" ஒருவர் தன் வீதியே போதும் என்பார். இன்னொருவர், "எங்கடை பக்கம் ஒண்டும் பெரிசாக் குடுக்கிறாங்கள் இல்லை, காரிலை ஏத்திக்கொண்டு அந்தப் பெரிய வீட்டுப் பக்கம் போங்கோ, முழு சொக்லேட் பாரே குடுப்பாங்கள்" என்பார். மூன்றாமவர் குளிரைச் சொல்லி ஷொப்பிங் மோல் என்பார். இதற்கிடையில் யாராவது ஒரு அம்மம்மா குரல்பதிவு போட்டிருப்பார்: "முன்பின் தெரியாத ஆக்கள் குடுக்கிறதை வாங்கித் தின்னக் குடுக்காதேங்கோ பிள்ளை."

நால்வர் பேச்சிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் பெற்றோரை முடிவெடுக்க வைப்பது பெரும்பாலும் அம்மம்மாவின் பயம்தான். நான்கில் ஆதாரம் மிகக் குறைந்ததும் அதுவே. ஆகவே இடங்களை ஒப்பிடும் முன் அந்தப் பயத்தை ஒருமுறை எடைபோட்டுப் பார்த்துவிடலாம்.

எதற்குப் பயப்பட வேண்டும்?

டெலவெயர் பல்கலைக்கழகத்துச் சமூகவியலாளர் ஜோயல் பெஸ்ட், 1958 முதலான ஹலோவீன் செய்திகளைப் பல ஆண்டுகளாகத் துருவியவர். வாசலுக்கு வந்த பிள்ளைக்கு முகம் தெரியாத ஒருவர் நஞ்சு கலந்த இனிப்புக் கொடுத்து, அதனால் அந்தப் பிள்ளை இறந்ததாக உறுதியான ஒரு சம்பவத்தையும் அவரால் காண முடியவில்லை. எல்லோரும் உதாரணம் காட்டும் 1974ஆம் ஆண்டு டெக்சாஸ் சம்பவத்தில் எட்டு வயதுப் பையனுக்கு சயனைட் கலந்த இனிப்புத்தூளைக் கொடுத்தவர் பெற்ற தகப்பன். மகன் பெயரில் எடுத்து வைத்திருந்த காப்புறுதிப் பணத்துக்காக அதைச் செய்தார். பழியை முகம் தெரியாத ஒரு வீட்டுக்காரர் மேல் போடப் பார்த்தார், நடக்கவில்லை. 1984இல் அவருக்கு மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது.

கனடாவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் ஒரு விஷயத்தை மட்டும் தள்ளிவிட முடியாது. 2018இல் கஞ்சா சட்டபூர்வமானது. அடுத்த ஆண்டில் கஞ்சா சேர்த்த தின்பண்டங்களுக்கும் அனுமதி வந்தது. 2022 ஹலோவீன் இரவில் வினிபெக் நகரின் ஒரு பகுதியில், பிரபல மிட்டாய்ப் பொதியைப் போலவே தோற்றமளித்த கஞ்சா மிட்டாய்கள் பல பிள்ளைகளின் பைகளில் வந்து சேர்ந்தன. பொலிஸார் இருவரைக் கைது செய்தார்கள். இதற்கு மருந்து எளியது. வீட்டுக்கு வந்து, சமையலறை விளக்குக்குக் கீழே பையைக் கொட்டி, பொதி கிழிந்தது, பொதியே இல்லாதது, பெயரோ எழுத்தோ கொஞ்சம் புதிதாகத் தெரிவது எல்லாவற்றையும் எடுத்து எறிந்துவிட வேண்டும். ஐந்து நிமிட வேலை. எந்த வீதிக்குப் போனாலும், மோலுக்கே போனாலும், இந்த வேலை மாறாது. எனவே இடத்தைத் தேர்ந்தெடுக்க அது ஒரு காரணமாகாது.

காரணமாக வேண்டியது கார். கனடிய மருத்துவ ஆய்வாளர்கள், அமெரிக்காவில் 1975 முதல் 2016 வரையான 42 ஹலோவீன் மாலைகளின் வீதி விபத்துத் தரவுகளை எடுத்து, ஒரு வாரம் முந்திய மாலையோடும் ஒரு வாரம் பிந்திய மாலையோடும் ஒப்பிட்டார்கள். நடந்து போகிறவர் வாகனம் மோதி இறக்கும் ஆபத்து ஹலோவீன் அன்று 43 சதவீதம் கூடுதலாக இருந்தது. நாலு வயது முதல் எட்டு வயது வரையான பிள்ளைகளைத் தனியாகப் பார்த்தால் பத்து மடங்கு. மிக மோசமான நேரம் மாலை ஆறு மணியை ஒட்டியது.

ஆறு மணி என்பதைக் கவனியுங்கள். ஒக்டோபர் 31இல் ரொறன்ரோவில் பொழுது சாய்வது ஆறு பத்து வாக்கில். வேலை முடிந்து ஆட்கள் வீட்டுக்கு ஓட்டி வரும் நேரமும், சின்னப் பிள்ளைகள் தெருவில் இறங்கும் நேரமும், கண் இருட்டுக்குப் பழகாத நேரமும் ஒன்றாக வந்து நிற்கின்றன. 2007க்கு முன் இது இன்னும் ஒரு மணி நேரம் முந்தியே இருட்டும். அப்போது குளிர்காலத்துக்கென்று கடிகாரத்தை ஒரு மணி நேரம் ஒக்டோபர் கடைசி ஞாயிறே பின்தள்ளி விடுவார்கள். இப்போது நவம்பர் முதல் ஞாயிறு வரை தள்ளாததால், ஹலோவீனுக்குக் கொஞ்சம் வெளிச்சம் மிச்சம் கிடைக்கிறது.

ஆகவே என் கணக்கு இதுதான்: ஒவ்வொரு இடத்தையும், அங்கே பிள்ளை எத்தனை தடவை வீதியைக் கடக்க வேண்டிவரும், யாருடைய வாசலில் போய் நிற்கப் போகிறது என்ற இரண்டையும் வைத்துப் பார்க்கிறேன். சொக்லேட் பாரின் அளவு அதற்குப் பிறகுதான்.

சொந்த வீதி

பெரிய சுவாரசியம் இல்லாத தேர்வு. பெரும்பாலான குடும்பங்களுக்கு நான் சொல்வதும் இதைத்தான்.

முதற் காரணம், வீதியை உங்களுக்குத் தெரியும். எந்த வீட்டு ட்ரைவ்வேயில் பின்னோக்கி வரும் கார் வேலி மறைவில் தெரியாது, எங்கே நடைபாதை முடிந்து புல்லில் இறங்க வேண்டும், எந்த மூலையில் தெருவிளக்கு எரிவதில்லை என்பதெல்லாம் மனப்பாடம். இரண்டாவது, ஒரே ஒரு தடவை வீதியைக் கடந்தால் போதும். நம் பக்கத்து வீடுகளை வரிசையாக முடித்து, சந்தியில் போய்க் கடந்து, மறுபக்க வீடுகளைப் பார்த்துக்கொண்டு திரும்பி வருவது. கேட்க எளிது. ஆனால் பிள்ளைகள் அப்படிப் போகவே மாட்டார்கள். எதிர்ப்பக்கத்தில் புகை கக்கும் இயந்திரமும் காற்றடைத்த பூதமும் வைத்திருக்கும் வீட்டைக் கண்டவுடன் நேரே ஓடப் பார்ப்பார்கள். நிறுத்தி வைத்த இரண்டு கார்களுக்கு நடுவில் இருந்து கறுப்பு உடுப்போடு ஒரு ஆறு வயது வெளிப்பட்டால், முப்பதில் வருகிற ஓட்டுநருக்கும் நேரம் போதாது. "முதல் இந்தப் பக்கம், பிறகு அந்தப் பக்கம்" என்பதை வீட்டிலேயே பேசி முடித்துவிட்டு இறங்குவது நல்லது. தெருவில் வைத்துச் சொன்னால் எடுபடாது.

மூன்றாவது காரணம்தான் எனக்கு முக்கியம். இது அயலவர் வாசல். ஆண்டு முழுவதும் பனி தள்ளும்போது தலையாட்டுவதோடு நின்றுவிடும் ஆட்கள் அன்று கதவைத் திறந்து உங்கள் பிள்ளையின் பெயரைக் கேட்கிறார்கள். அப்படிப் பழகிய வீதியில் பிள்ளை பிறகு பள்ளிக்குத் தனியாக நடக்கும்போது நாலு சோடிக் கண்கள் பார்த்துக்கொண்டிருக்கும்.

குறை என்ன? சில வீதிகளில் விளக்கு எரியும் வீடுகள் ஐந்தோ ஆறோதான். முன்வாசல் விளக்கு எரிந்தால் வரலாம், அணைந்திருந்தால் வரவேண்டாம் என்பதுதான் இங்கே எழுதாத சட்டம். அணைந்த வீட்டில் பூசணிக்காய் செதுக்கி வைத்திருந்தாலும் மணி அடிக்கக் கூடாது. நம் ஆட்கள் வாழும் பகுதிகளில் இதற்குத் தனிக் காரணம் உண்டு. இரவு ஷிஃப்ற் வேலைக்குப் போகிறவர் ஏழு மணி வரை நித்திரை கொள்வார்; கைக்குழந்தையை இப்போதுதான் படுக்கப் போட்டிருப்பார்கள்; உள்ளே தனியாக இருக்கும் முதியவருக்கு ஒவ்வொரு மணிச் சத்தத்துக்கும் எழும்பி வருவது பாடு. "கஞ்சப் பிசினாறிகள்" என்று பிள்ளைகளுக்கு முன் சொல்லி வைக்காதீர்கள். இருட்டு வீட்டைக் கடந்து போவதும் அன்றைய மரியாதைதான்.

காரில் போகிற "பெரிய வீட்டு" வீதி

ஒவ்வொரு நகரத்திலும் இப்படி ஒரு பகுதி உண்டு. வீடுகளுக்கு முன் மூன்று மாடி எலும்புக்கூடு, ஒலிபெருக்கியில் ஓநாய் ஊளை, கதவடியில் முழு அளவுச் சொக்லேட் பார். ஒரு மணி நேரத்தில் பை நிரம்பும். பிள்ளைக்கு இது திருவிழா. உண்மையாகவே திருவிழாதான், அதை மறுக்க மாட்டேன்.

ஆனால் வீதியைப் பாருங்கள். இரண்டு கரையிலும் அடைத்து நிறுத்திய கார்கள். இடம் தேடி மெல்ல ஊரும் கார்கள், கண் வீட்டு இலக்கத்திலோ இடைவெளியிலோ இருக்கும், முன்னால் போகிறவரில் இராது. இவற்றோடு இன்னொரு பழக்கம்: பிள்ளைகளை நடக்க விட்டு, தகப்பன் காரில் பின்னால் ஊர்ந்து வருவது. குளிருக்குச் சுகம்தான். ஆனால் அந்தக் காரின் முன்விளக்கு எதிரே வரும் ஓட்டுநரின் கண்ணில் அடிக்கும். அதை முந்தப் பார்க்கும் அடுத்த கார் நடுவீதிக்கு வரும். பிள்ளைகளோ, "அப்பா அங்கை நிக்கிறார்" என்று எங்கு வேண்டுமானாலும் குறுக்கே ஓடும். காரில் போக வேண்டி வந்தால் ஒரு இடத்தில் நிறுத்திவிட்டு, திரும்பிப் போகும் நேரம்வரை அதை மறந்துவிடுவதுதான் முறை.

வீட்டுக்காரர் பக்கமும் உண்டு. நூறு பிள்ளைகளுக்கு என்று வாங்கி வைத்தவருக்கு நானூறு பேர் வந்தால் ஏழு மணிக்கே தட்டு வெறும் தட்டு. விளக்கை அணைத்துவிட்டு உள்ளே இருப்பார். பிறகு வரும் அந்தத் தெருப் பிள்ளைகளுக்கே ஒன்றும் இல்லை. இதைச் சொல்லி வெளியாட்கள் வரவே கூடாது என்று முகம் சுளிப்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. மார்க்கம் ரோட்டு மாதிரிப் பெருவீதியில், ஆறு வழிப் போக்குவரத்துக்கு முன்னால் குடியிருக்கிற பிள்ளை எந்த வாசலுக்குப் போகும்? அதற்கு வேறொரு தெருதான் வழி. அப்படிப் போகிறவர்கள் ஒரு சின்ன ஒழுங்கைப் பிடித்தால் யாருக்கும் நோகாது: மிகப் புகழ்பெற்ற தெருவை விட்டு, அதற்கு இரண்டு தெரு தள்ளி, பள்ளிக்கூட நண்பர்கள் வாழும் அமைதியான வளைவுத் தெருவாகப் பார்ப்பது. வாகனம் ஊடறுத்துப் போகாத தெரு. சொக்லேட் சின்னதாக இருக்கும். கொடுப்பவர் சந்தோசமாகக் கொடுப்பார், ஏனென்றால் அங்கே ஆள் வருவதே குறைவு.

மாடிக் கட்டடங்கள்

இந்த ஒப்பீட்டில் யாரும் பெரிதாகப் பேசாத தேர்வு இது. ஸ்காபரோவில் பதினைந்து, இருபது மாடிக் கட்டடங்களில் வாழும் தமிழ்ப் பிள்ளைகள் ஆயிரக்கணக்கில். "எங்களுக்கு வீடு இல்லையே, எங்கை போறது" என்று அந்தப் பிள்ளைகள் கேட்கும்போது பெற்றோர் காரை எடுத்துவிடுகிறார்கள். ஆனால் கட்டடத்துக்குள்ளே கார் ஓடுவதில்லை, குளிர் இல்லை, மழை இல்லை, நல்ல வெளிச்சம். ஆறு வயதுக்குக் கீழே இதைவிட நல்ல இடம் கிடைப்பது அரிது.

வேலை செய்யும் விதம் இப்படி. ஹலோவீனுக்குச் சில நாள் முன்னால் கீழ்த்தளத்தில், தபால் பெட்டிகளுக்குப் பக்கத்தில் ஒரு தாள் ஒட்டப்படும். இனிப்புக் கொடுக்க விரும்புகிறவர்கள் தங்கள் வீட்டு இலக்கத்தை எழுதிவிடுவார்கள். அன்று மாலை அதைப் படமெடுத்துக்கொண்டு, எழுதியிருக்கும் கதவுகளை மட்டும் தட்டுவது. சில இடங்களில் தாளுக்குப் பதில் கதவில் ஒட்ட ஒரு பூசணிக்காய்ப் படம் கொடுப்பார்கள். உங்கள் கட்டடத்தில் இல்லையென்றால் கட்டடத்தைப் பராமரிக்கும் சுப்பரின்டென்டனிடம் போய்க் கேளுங்கள். ஒரு தாளும் ஒட்டும் நாடாவும்தான் செலவு. தாளில் இல்லாத கதவைத் தட்டுவது இருட்டு வீட்டில் மணி அடிப்பது போலத்தான்.

இங்கும் கவனிக்க ஒன்றிரண்டு உண்டு. லிஃப்ற்றில் எல்லோரும் ஒன்றாக ஏறினால் நாயோடு வருபவரும், சக்கர நாற்காலியில் வருபவரும், சாப்பாட்டுப் பொதி கொண்டு வரும் பையனும் கீழே காத்துக் கிடப்பார்கள். உச்சிமாடிக்கு ஒருதரம் ஏறிவிட்டு, படியால் ஒவ்வொரு தளமாக இறங்கி வருவது நல்லது. அதற்குக் காலில் புரளும் நீள அங்கி ஆகாது. கணுக்காலுக்கு மேலே மடித்துத் தைத்துவிட வேண்டும். படிக்கட்டில் பெரியவர் முன்னால் இறங்க வேண்டும், பிள்ளை தடுக்கினால் பிடிக்க.

பேஸ்மென்ற்றில் வாடகைக்கு இருப்பவர்கள் பற்றியும் ஒரு வார்த்தை. கொடுக்க ஆசை இருக்கும். ஆனால் வாசல் வீட்டின் பக்கவாட்டில், குப்பைத் தொட்டிகளுக்குப் பின்னால். எந்தப் பிள்ளையும் அங்கே வராது, வரவும் கூடாது. மேல்வீட்டுக்காரரோடு பேசி இரண்டு வீட்டுக்கும் சேர்த்து முன்படியில் இரண்டு கதிரை போட்டுக்கொண்டால் தீர்ந்தது. குளிருக்கு ஒரு ஃபிளாஸ்க் தேத்தண்ணி.

மோல், பார்க்கிங் லொட்

மோலில் கடைக்காரர்கள் வாசலில் நின்று ஆளுக்கொரு மிட்டாய் போடுவார்கள். பெரும்பாலும் இருட்டும் முன்னரே முடிந்துவிடும். தேவாலயங்களும் சில சமூக நிலையங்களும் நடத்துவது வேறு வகை: பார்க்கிங் லொட்டில் கார்களை வரிசையாக நிறுத்தி, பின்கதவைத் திறந்து, டிக்கியைக் குகை மாதிரியோ கப்பல் மாதிரியோ அலங்கரித்து வைத்துக் கொடுப்பார்கள். அமெரிக்காவில் இது பெருவழக்கு, இங்கும் பரவிவருகிறது.

மூன்று வயதுக்குக் கீழே இது போதும். சக்கர நாற்காலியில் இருக்கும் பிள்ளைக்கு இது மிக நல்லது. ஒன்ராறியோ வீடுகளில் முன்வாசலுக்கு நாலைந்து படி ஏற வேண்டும். அந்தப் பிள்ளை ஒவ்வொரு வீட்டிலும் கீழே நிற்க, தம்பி போய் வாங்கி வருவதைப் பார்ப்பது எந்தப் பெற்றோருக்கும் கஷ்டம். மற்றவர்களுக்கு? வரிசையில் நிற்பது, ஒரு மிட்டாய், மறுபடி வரிசை. கடைக்காரருக்கு உங்கள் பிள்ளை யாரென்று தெரியாது, தெரியவும் போவதில்லை. பார்க்கிங் லொட் நிகழ்ச்சியில் ஒன்றை மட்டும் முன்கூட்டிக் கேளுங்கள்: நிகழ்ச்சி நடக்கும் நேரத்தில் உள்ளே எந்தக் காரும் நகராதபடி அடைத்திருக்கிறார்களா? இல்லையென்றால், இந்த இடத்துக்கு வந்த காரணமே இல்லாமல் போகிறது.

கொடுக்கிற பக்கம்

எங்கே போவது என்று பேசுகிறவர்கள், யார் வீட்டில் நிற்பது என்பதைப் பேசுவதில்லை. இரண்டு பெற்றோரும் பிள்ளைகளோடு போய்விட, வீடு இருட்டாகக் கிடக்கும். நம் பிள்ளை பதினைந்து வாசலில் வாங்கி வரும், நம் வாசலில் ஒன்றும் இல்லை. அம்மம்மா, அப்பப்பா வீட்டில் இருந்தால் அவர்களை வாசலில் உட்கார வையுங்கள். ஆங்கிலம் வராது என்று தயங்குவார்கள். பேச்சே தேவையில்லை, பிள்ளைகள் "ட்ரிக் ஓர் ட்ரீட்" என்பார்கள், இவர்கள் சிரித்துக்கொண்டு போட வேண்டியதுதான். குரல்பதிவில் பயமுறுத்திய அதே அம்மம்மா ஒரு மணி நேரத்தில், "அந்தச் சின்னப் பூசணிக்காய்ப் பிள்ளை திருப்பி வருதோ" என்று கேட்பதைக் கண்டிருக்கிறேன்.

ஆள் இல்லையென்றால் படியில் ஒரு கிண்ணம் வைத்து "ஒன்று மட்டும்" என்று எழுதி வைக்கலாம். முதலில் வரும் நாலு பேரில் ஒருவர் கிண்ணத்தோடு கவிழ்த்துக்கொண்டு போவதற்கும் தயாராக இருக்க வேண்டும். ஒன்றாகக் குவிக்காமல், சின்னத் தாள்பைகளில் இரண்டிரண்டு போட்டுப் படியில் பரப்பி வைத்தால் கொஞ்சம் தாங்கும்.

எதைக் கொடுப்பது என்பதில் நம் ஆட்களுக்குத் தனி அனுபவம் உண்டு. மார்ஷ்மலோவிலும் மெல்லும் கம்மி மிட்டாய்களில் பலவற்றிலும், விலங்கின் தோல், எலும்பிலிருந்து எடுக்கும் ஜெலற்றின் இருக்கிறது. சைவக்காரரும் முஸ்லிம்களும் தின்ன மாட்டார்கள். நிலக்கடலை ஒவ்வாமை இன்னும் பெரிய விஷயம். கனடாவில் விற்கும் கிட் கட், கொஃபி கிறிஸ்ப், ஸ்மார்ட்டிஸ் போன்றவற்றை நிலக்கடலை இல்லாத ஆலையில் செய்வதால் பள்ளிக்கூடங்களுக்குப் பழக்கப்பட்டவை. ஆனால் ஹலோவீன் குட்டிப் பொதிகளின் சேர்மானம் பெரிய பொதியிலிருந்து மாறலாம். பெட்டியின் பின்புறத்தை ஒவ்வொரு ஆண்டும் வாசிக்க வேண்டும். நீலப்பச்சை நிறத்தில் பூசணிக்காய் வைத்திருக்கும் வீட்டைக் கண்டால், அங்கே உணவல்லாத பொருளும் உண்டு என்று அர்த்தம்: ஸ்டிக்கர், பென்சில், ஒளிரும் வளையல். அமெரிக்காவின் டெனசியில் ஒவ்வாமையுள்ள பிள்ளையின் தாய் ஒருவர் தொடங்கிய யோசனை இது. 2014இல் நாடு முழுவதுக்கும் பரவி, பிறகு கனடாவுக்கும் வந்தது. என்னைக் கேட்டால் நீலப்பச்சைப் பூசணி இல்லாவிட்டாலும் ஒளிரும் வளையல் ஒரு கட்டு வாங்கி வைப்பது புத்தி. வாங்கிய பிள்ளை அதைக் கையில் மாட்டிக்கொண்டு போகும், அடுத்த சந்தியில் ஓட்டுநருக்குத் தெரியும்.

வாசலையும் ஒருமுறை பிள்ளையின் உயரத்தில் இருந்து பாருங்கள். ஈர மேப்பிள் இலைகள் படியில் எண்ணெய் போல வழுக்கும். அலங்காரப் பொம்மையின் மின்வயர் நடைபாதைக்குக் குறுக்கே கிடக்கும். பூசணிக்குள் நிஜ மெழுகுதிரி வேண்டாம், மின்கலத்தில் எரிவது போதும். வேஷ உடைகளில் பல பொலியெஸ்டர், பற்றினால் உருகி ஒட்டும். 2024இல் தீபாவளியும் ஹலோவீனும் ஒக்டோபர் 31இலேயே வந்தன. வாசலில் அகல்விளக்கு வரிசை வைத்த வீடுகளை, "வாங்கோ" என்று கூப்பிடுவதாகத்தான் தெருப் பிள்ளைகள் எடுத்துக்கொள்ளும். வேறென்ன செய்வார்கள், விளக்கு எரிகிறதே. அப்படி இரண்டும் நெருங்கி வரும் ஆண்டுகளில் விளக்குகளை உயரத்திலோ யன்னலுக்கு உள்ளேயோ வைத்துவிட்டு, சொக்லேட்டும் தயாராக வைத்திருக்க வேண்டும். லட்டு கொடுக்க ஆசைதான், ஆனால் பொதி இல்லாத பலகாரத்தை மற்றப் பெற்றோர் குப்பையில்தான் போடுவார்கள். நாமும் அதைத்தானே செய்கிறோம்.

வயதும் வேஷமும்

எட்டு, ஒன்பது வயது வரை பெரியவர் ஒருவர் கூடவே போவது எந்த இடத்துக்கும் பொருந்தும். நடைபாதையில் நின்றால் போதும், வாசலுக்குப் பிள்ளையே போகட்டும். முகமூடியை விட முகப்பூச்சு நல்லது, ஓரக்கண் பார்வை மறையாது. குளிருக்கு ஸ்நோ சூட்டுக்கு மேல் போடக்கூடிய அளவில் உடையை வாங்கினால் "ஜக்கெற் போட மாட்டன்" என்ற சண்டை இராது. புறப்பட முன் ஐந்து மணிக்கே பிட்டோ இடியப்பமோ வயிறு நிறையக் கொடுத்துவிட்டால், வழியில் பிரித்துத் தின்னும் அவசரம் பாதியாகும். நாலு வயதுக்குக் கீழே உள்ளதுக்குக் கடினமான உருண்டை மிட்டாய் தொண்டையில் சிக்கும். அவற்றை அக்கா, அண்ணாவின் பங்கோடு சேர்த்துவிட வேண்டியதுதான்.

பன்னிரண்டு, பதின்மூன்று வயதுக்காரர் தனியாகப் போகக் கேட்பார்கள். மூன்று நான்கு பேராக, எந்தெந்தத் தெரு என்று சொல்லிவிட்டு, எட்டரைக்குள் வீடு என்ற பேச்சோடு அனுப்பலாம். நியூ பிரன்ஸ்விக்கின் பாதர்ஸ்ற் நகரில் இதற்குச் சட்டமே இருந்தது; பதினான்குக்கு மேல் கூடாது என்பதை 2018இல் பதினாறாக உயர்த்தினார்கள். ரொறன்ரோவில் அப்படி ஒன்றும் இல்லை. வேஷம்கூடப் போடாமல், தலையணை உறையோடு வந்து நிற்கும் உயரமான பையனுக்கும் ஒன்றைப் போட்டு அனுப்புவதுதான் என் வழக்கம். அந்த இரவில் ஒரு பதினைந்து வயது செய்யக்கூடிய மற்ற வேலைகளை யோசித்தால், இது எவ்வளவோ மேல். பேசாமல் பையை மட்டும் நீட்டும் பிள்ளையையும் "என்ன சொல்லணும்?" என்று நிறுத்தி வைக்காதீர்கள். பேச்சு வராத பிள்ளையாக இருக்கலாம், வெட்கமாக இருக்கலாம், வந்து இரண்டு மாதமான பிள்ளையாகவும் இருக்கலாம்.

மழை வந்தால்

மேலே சொன்ன தெரிவுகள் எல்லாம் மழையில் தலைகீழாகும். குடை முகத்தை மறைக்கும், ஓட்டுநரின் கண்ணாடியில் நீர் வழியும், ஈர வீதியில் விளக்குகள் சிதறித் தெரியும். ஐந்து வயதுக்குக் கீழே என்றால் அன்றைக்கு மாடிக் கட்டடமோ மோலோதான். 2019இல் காற்றும் மழையும் கடுமையாக வரும் என்று மொன்றியல் நகர மேயர் வலெரி பிளான்ற் ஹலோவீனையே நவம்பர் முதலாம் திகதிக்குத் தள்ளி வைத்தார். சிரித்தவர்கள் பலர், எனக்கு அது சரியாகவே பட்டது. உங்கள் நகரம் தள்ளி வைக்காவிட்டால், பெரிய பிள்ளைகளோடு சொந்தத் தெருவின் ஒரு பக்கத்தை மட்டும் முடித்துக்கொண்டு திரும்பிவிடுங்கள். பிள்ளைகளுக்கு நட்டம் ஒன்றும் வராது: மழை இரவில் ஆள் வராமல் பெட்டி பெட்டியாக மிச்சம் வைத்துக்கொண்டிருப்பவர்கள், வந்த பிள்ளைக்கு இரண்டு கையாலும் அள்ளிப் போடுவார்கள்.